வளைக்கரடியின் மீது ஒரு வழக்கு

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த 'இக்வானுஸ் ஸஃபா' என்னும் அறிஞர் குழுவினரின் அரபு நிருபங்களுள் ஒன்றில், விலங்கினங்கள் ஒன்று திரண்டு ஜின்களின் அரசன் அவையில் மனிதன் மீது வழக்குத் தொடுக்கின்றன. அங்கே விலங்குகள் வாதிகள். தம் குறைகளைத் தம் நாவினாலேயே எடுத்துரைக்கின்றன. இங்கிலாந்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கொன்றிலோ விலங்கு பிரதிவாதியாக நிற்கிறது. அதற்குப் பேசும் நா இல்லை. வாதியும் மனிதன், சாட்சியும் மனிதன், தீர்ப்பளிப்பவனும் மனிதனே. அவ்வழக்கின் வரலாற்றை ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம்.

பிரதிவாதியின் பெயர் பேட்ஜர். தமிழில் வளைக்கரடி எனலாம். நடுத்தர நாயின் பருமன், குட்டைக் கால்கள், வெண்முகத்தில் இரு கரிய பட்டைகள் - இவை அதன் அடையாளங்கள். பகலெல்லாம் மண்ணுக்கடியில் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி விரித்த வளைகளில் குடும்பமாய் உறங்கும். இரவில் வெளிப்போந்து மேய்ச்சல் நிலங்களில் மண்புழு தேடி உண்ணும். முற்காலத்து ஆங்கிலேயர் இதனை வளையினின்று இழுத்து வந்து நாய்களை ஏவிக் கடிக்கவிட்டு வேடிக்கை பார்த்தனர். 1835இல் சட்டம் அவ்விளையாட்டைத் தடுத்தது. ஆயினும் ஒருவரை ஓயாது தொல்லைப்படுத்துவதைக் குறிக்கும் வினைச்சொல்லாக அப்பிராணியின் பெயரே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. 1973இலும் 1992இலும் இதனைப் பாதுகாக்கத் தனிச்சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒரு கையால் காத்து மறுகையால் கொல்ல நேர்ந்த விந்தையை இனிக் காண்போம்.

குற்றச்சாட்டு காசநோய் பற்றியது. 1882இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அவரே 1901இல் லண்டன் மாநாட்டில், மாட்டின் காசநோயால் மனிதருக்குப் பெருந்தீங்கில்லை என்று கூறிவிட்டார். பிரிட்டிஷ் அரசாங்கம் அவ்வாண்டே ஒரு கமிஷனை நியமித்தது. அது பத்தாண்டுகள் ஆராய்ந்து, மாட்டுக் காசம் பாலின் வழியே மனிதரைப் பற்றும் என்று நிறுவியது. பேரறிஞரின் வாக்கேயாயினும் சோதித்த பின்னரே கொள்ளத்தக்கது என்பதற்கு இது நல்ல சான்று.

1930களில் பிரிட்டனின் கறவைப் பசுக்களில் நூற்றுக்கு நாற்பது இந்நோய்க்கு ஆட்பட்டிருந்தன. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,500 மக்கள் மாட்டுக் காசத்தால் மாண்டனர். பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கும் முறை பரவியது. மாடுகளின் தோலில் ஊசி மருந்திட்டுச் சோதித்து, நோயுற்றவற்றை அறுத்து அகற்றும் திட்டம் 1950இல் கட்டாயமாயிற்று. 1960க்குள் அது நாடு முழுவதையும் தழுவியது. நோய் வெகுவாகக் குன்றியது. ஆயினும் கார்ன்வால், டெவன், குளோஸ்டர்ஷயர் முதலிய தென்மேற்கு மாவட்டங்களில் மட்டும் அது வேரோடு ஒழியாமல் எஞ்சி நின்றது. ஏன் என்பது எவருக்கும் விளங்கவில்லை.

1971இல் குளோஸ்டர்ஷயரின் பண்ணையொன்றில் இறந்து கிடந்த வளைக்கரடியின் உடலில் மாட்டுக் காசக் கிருமி காணப்பட்டது. தேடிய கள்வன் அகப்பட்டான் என்று பலர் கருதினர். 1975 முதல் அரசாங்கத்தார் வளைகளுக்குள் ஸயனைடு நச்சுப் புகையைச் செலுத்தலாயினர். தார்ன்பரி என்னும் ஊரின் சுற்றுப்புறத்தில் வளைக்கரடிகளை அறவே அகற்றிய பின் சுமார் பத்தாண்டுக் காலம் மாடுகளிடையே நோய் தலைகாட்டவில்லை. 1980இல் ஸக்கர்மன் பிரபுவின் அறிக்கையும் இம்முறையை ஆதரித்தது. ஆயின் அப்புகை அப்பிராணிகளை எளிதில் கொல்லாது வதைக்கிறது என்று சோதனைகள் காட்டவே, 1982இல் அது நிறுத்தப்பட்டது. அதன்பின் கூண்டு வைத்துப் பிடித்துச் சுடும் முறை வந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இவ்வழக்கில் மூன்று வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வளைக்கரடி நோயைச் சுமக்கிறதா? மாட்டுக்கு அதனைக் கொடுக்கிறதா? அதனைக் கொன்றால் மாட்டு நோய் தீருமா? முதல் வினாவுக்கு 1971இலேயே விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கும் ஆம் என்றே அறிஞர் பலர் கூறினர். ஆனால் இவ்விரண்டும் மெய்யாகவே மூன்றாவதும் மெய் என்று மக்கள் முடிவு கட்டினர். தர்க்கம் பயின்ற எவரும் இப்பிழையை உடனே காண்பர்.

1997இல் பேராசிரியர் ஜான் கிரெப்ஸ் தம் அறிக்கையில் இக்குறையை எடுத்துக்காட்டினார். அதுகாறும் கொன்ற இடங்களோடு ஒப்பிடுதற்குக் கொல்லாத இடங்கள் ஒதுக்கப்படவில்லையாதலின் பயன் இன்னதென்று அளவிட இயலாது என்றார். ஆகவே 1998இல் ஒரு பெருஞ்சோதனை தொடங்கிற்று. ஒவ்வொன்றும் நூறு சதுர கிலோமீட்டர் கொண்ட முப்பது வட்டாரங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் பத்தில் வளைக்கரடிகளை ஆண்டுதோறும் பரவலாகக் கொன்றனர். பத்தில் நோய் கண்ட பண்ணையைச் சுற்றி மட்டும் கொன்றனர். எஞ்சிய பத்தில் கை வைக்கவில்லை. எந்த வட்டாரத்துக்கு எம்முறை என்பது குலுக்கலால் முடிவாயிற்று. 2005 வரை நடந்த இச்சோதனையில் ஏறத்தாழ 11,000 உயிர்கள் மடிந்தன.

விளைவு யாரும் எதிர்பாராதது. பண்ணையைச் சுற்றி மட்டும் கொன்ற இடங்களில் நோய் குறைவதற்குப் பதில் மிகுதியாகவே தென்பட்டது. 2003இல் அம்முறையை நிறுத்திவிட்டனர். பரவலாகக் கொன்ற இடங்களில் நோய் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவ்வட்டாரங்களின் எல்லைக்கு வெளியே இரண்டு கிலோமீட்டர் அளவுக்குக் கிட்டத்தட்ட 25 விழுக்காடு கூடியது! காரணம் என்ன? வளைக்கரடிக் குடும்பங்கள் தத்தம் எல்லைக்குள் ஒதுங்கி வாழ்பவை. சிலவற்றைக் கொன்றதும் எஞ்சியவை எல்லை குலைந்து நாற்புறமும் அலைந்தன. நோயும் உடன் அலைந்தது.

இதனை நடத்திய ஜான் போர்ன் தலைமையிலான குழு, கொல்லுதல் இந்நோயைக் கட்டுப்படுத்த உருப்படியாக உதவாது என்று 2007 ஜூனில் முடிவு கூறியது. சில திங்களுக்குள் அரசாங்கத்தின் தலைமை விஞ்ஞான ஆலோசகர் டேவிட் கிங், பெரும் பரப்பில் முறையாகச் செய்தால் பயன் தரும் என்று வேறு அறிக்கை தந்தார். எண்கள் ஒன்றே, முடிவுகள் இரண்டு. முன்னவர் பயனோடு தீங்கையும் செலவையும் சேர்த்து எடையிட்டனர். பின்னவர் செலவையும் நடைமுறைச் சிக்கலையும் ஒதுக்கி நோயை மட்டும் நோக்கினார்.

பண்ணையாளரின் துயரை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. பெயரிட்டு வளர்த்த பசு, கன்று ஈன நிற்கும் நிலையில், ஒரு சோதனையின் தடிப்பு சற்றுப் பெரிதாகத் தெரிந்தமையால் அறுப்புக்குப் போகிறது. ஆண்டுதோறும் பல்லாயிரம் மாடுகள் இவ்வாறு போகின்றன. இழப்பீடு வரும், மந்தை வராது. அத்துயருற்றவன் தன் வேலிக்கு அப்பால் நோயின் ஊற்று இருக்கிறது என்று நம்பும்போது, அதனை அடைக்க வேண்டுவது இயல்பே. அவனைக் கொடியவன் என்று பட்டணத்தார் இகழ்வது நீதியாகாது.

2010இல் ஆட்சி மாறியது. 2013இல் ஸாமர்ஸெட், குளோஸ்டர்ஷயர் பகுதிகளில் துப்பாக்கியால் சுடும் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. அதனை மதிப்பிட்ட தனிக்குழு 2014இல், ஆறு வாரத்தில் எழுபது விழுக்காட்டைக் கொல்லும் குறி எட்டப்படவில்லை. பல உயிர்கள் ஐந்து நிமிடங்களுக்கு மேல் துடித்தே இறந்தன என்று அறிவித்தது. எனினும் திட்டம் விரிந்தது; அக்குழுதான் கலைந்தது. கொல்லப்பட்டவை இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல். 2019இல் வெளிவந்த ஆய்வு, நான்காண்டுகளில் குளோஸ்டர்ஷயர் பகுதியில் நோய் 66 விழுக்காடும் ஸாமர்ஸெட்டில் 37 விழுக்காடும் குறைந்ததாகக் கூறியது. 2022இல் வேறு ஆய்வாளர், கொன்ற இடத்துக்கும் கொல்லாத இடத்துக்கும் வேற்றுமை காணவில்லை என்றனர். கொல்லாது விட்டு ஒப்பிடும் இடங்களை முன்போல் குலுக்கலால் வகுத்து வையாமையின் பலன் இது.

இதற்கிடையே மறைந்திருந்த மற்றொரு சாட்சியும் வெளிப்பட்டது. அது மாடே! தோல் சோதனையில் நோயுற்ற மாடுகள் சில தப்பி மந்தையிலேயே தங்கிவிடுகின்றன. 2001இல் கோமாரி நோய் பரவியபோது காசச் சோதனை தடைப்பட்டது. பின்பு புதிய மந்தைகளுக்காக ஊர் விட்டு ஊர் வாங்கப்பட்ட மாடுகளோடு காசமும் பயணம் செய்தது. 2018இல் காட்ஃப்ரே குழு, வளைக்கரடியையே பெரிதாகக் கருதியதால் மாட்டிலிருந்து மாட்டுக்குப் பரவுவதைப் பண்ணைத் தொழில் போதிய அளவு கவனிக்கவில்லை என்று சுட்டிக்காட்டியது.

வளைக்கரடிக்குரிய தடுப்பூசிக்கு 2010இலேயே அனுமதி கிட்டியது. வேல்ஸ் அரசு 2012இல் கொல்லும் எண்ணத்தைக் கைவிட்டு அவ்வழியை நாடிற்று. பிரிட்டிஷ் அரசாங்கமும் நடப்புப் பார்லிமெண்டின் காலம் முடிவதற்குள் கொல்லுதலை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தது.

வளைக்கரடி முற்றிலும் குற்றமற்றது என்று நாம் வாதிடவில்லை. அது நோயைச் சுமக்கிறது. மாட்டுக்குக் கொடுக்கவும் செய்கிறது. மாடும் அதற்குக் கொடுக்கிறது. நாம் வருந்துவது வேறொன்றுக்காக. ஏழாண்டு முயன்று, 11,000 உயிர்களைப் பலியிட்டு, மனிதன் ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டான். தெரிந்துகொண்ட பின் அதன் சொற்படி நடக்க அவனுக்கு மனம் வரவில்லை. அந்த 11,000 உயிர்களை எந்த அறிவின் பொருட்டுக் கொன்றோமோ அந்த அறிவைப் புறக்கணித்தால், அவை வீணே கொல்லப்பட்டவையாகும். பேச நாவில்லாத பிரதிவாதிக்கு இவ்வளவு நீதியாவது செய்திருக்கலாம்.