வெள்ளிக்கிழமை வந்த ஆட்கள்

போன வாரம் விரிவுரையாளர் ராஜினி திராணகமவைத் திருநெல்வேலி வீதியில் விட்டுவிட்டு வந்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சோதனை வேலை முடித்து சைக்கிளில் வீடு திரும்பியவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1989 செப்டெம்பர் 21.

அதன் பிறகு கம்பஸ் வேறு கம்பஸ். சிலர் கொழும்புக்குப் போனார்கள், சிலர் கடல் தாண்டினார்கள். மிஞ்சியவர்களில் பலர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

செல்வி தாழ்த்தவில்லை.

முழுப்பெயர் செல்வநிதி தியாகராஜா. வன்னியில் சேமமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வந்தவர். நாடகமும் அரங்கியலும் அவருடைய பாடம். அதோடு நின்றாரா? கவிதை எழுதினார். 'தோழி' என்ற பெண்கள் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தார். சீதனக் கொடுமையையும் பாலியல் வன்முறையையும் மேடைக்குக் கொண்டுவந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ராஜினியும் தோழிகளும் நடத்திய பூரணி இல்லத்திலும் வேலை செய்தார்.

இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் திறப்பு இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1991. யாழ்ப்பாணக் குடாநாடு விடுதலைப் புலிகளின் கையில். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படிப்பு. கடதாசித் தட்டுப்பாட்டில் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்த காலம். வெளியே போவதென்றால் பாஸ் வேண்டும்.

மே மாதம் இன்னோர் அடி விழுந்தது. சக மாணவி, கவிஞர் சிவரமணி, தன் கவிதைகளைத் தீயில் போட்டுவிட்டு உயிரையும் விட்டார். வயது 22.

பயந்து ஒதுங்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? செல்வி ஒதுங்கவில்லை. படிப்பு மூன்றாம் வருடத்தில் நின்றது. நாடகம் இருந்தது. பெண்கள் இருந்தார்கள்.

ஓகஸ்ட் 30. வெள்ளிக்கிழமை.

ஆட்கள் வந்தார்கள்.

இராணுவம் அல்ல. இந்தியப் படையும் அல்ல. அது போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்தவர்கள் புலிகள். செல்வி கவிதை எழுதிய அதே மொழியைப் பேசியவர்கள்.

கூட்டிக்கொண்டு போனார்கள்.

துவக்கோடு நின்றவர்களுக்கு, கையில் பேனாவும் மேடையும் மட்டுமே வைத்திருந்த ஒரு பெண்ணிடம் என்ன பயம்? கவிதை மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. அடிபட்ட பெண்கள் செல்வியிடம் வாய்திறந்து பேசினார்கள். யார் அடித்தது, யார் கெடுத்தது, யார் பிள்ளையைக் கொண்டுபோனது என்று சொன்னார்கள். ஆமி, இந்தியன் ஆமி, இயக்கம் என்று பிரித்துப் பார்க்காத காது அது. அப்படிக் கேட்கிற ஒருவர், எழுதவும் நடிக்கவும் தெரிந்தவராக இருந்தால்? ராஜினியிடம் புலிகள் கண்டு பயந்ததும் இதைத்தான்.

நாட்கள் மாதங்களாயின. எங்கே வைத்திருக்கிறார்கள்? யாருக்கும் தெரியாது.

1992. கடல்களுக்கு அப்பாலிருந்து ஒரு செய்தி. 'பொயட்ரி இன்டர்நேஷனல்' விருது, யாழ்ப்பாணத்துக் கவிஞர் செல்விக்கு!

உலகமே இப்போது புலிகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது.

விருது பெற்றவர் எங்கே?

(அடுத்த வாரம்: புலிகள் சொன்ன பதில்)