உண்மையை அறிந்தவரும் கருவியைச் செய்தவரும்

“கேமராவைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம்” என்று நம் சமுதாய மேடைகளில் பெருமையுடன் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வாறு குறிப்பிடப்படுபவர் இப்னுல் ஹைஸம். ஆனால், அவர் கேமரா எதையும் செய்யவில்லை. சிறு துளை வழியே இருட்டறைக்குள் பிம்பம் விழுவதும் அவருக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. அப்படியானால் அவருடைய சாதனைதான் என்ன?

தமிழில் ‘கண்டுபிடித்தல்’ என்னும் ஒரே சொல், ஏற்கெனவே இருக்கும் உண்மையை அறிவதையும், இதுவரை இல்லாத பொருளை உருவாக்குவதையும் குறித்துவிடுகிறது. முதலாவதைச் செய்பவர் விஞ்ஞானி. இரண்டாவதைச் செய்பவர் புதுப்புனைவாளர். இருவரையும் ஒருவராக்கினால் இருவருடைய உழைப்பும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

பஸராவில் ஏறத்தாழ 965ஆம் ஆண்டில் பிறந்த இப்னுல் ஹைஸம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலை ஏழு பாகங்களாக எழுதினார். கண்ணிலிருந்து புறப்படும் கதிர்களாலேயே நாம் பார்க்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் கருதியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று இவர் விளக்கினார். இருட்டறையின் துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்துச் சோதித்தார். ஒவ்வொரு விளக்குக்கும் உள்ளே ஓர் ஒளிப்பொட்டு தெரிந்தது. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய பொட்டு மட்டுமே மறைந்தது. ஒரே துளையில் நுழைந்தும் ஒளிகள் ஒன்றோடொன்று கலக்கவில்லை. அவர் நமக்கு விட்டுச்சென்றது கருவியன்று. சோதித்து அறியும் முறை.

இதே அறிஞர் நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று கூறியதாகவும், கலீஃபா அல் ஹாகிம் அவரை எகிப்துக்கு வரவழைத்ததாகவும், அஸ்வான் பகுதியை நேரில் கண்டபின் தம்மால் இயலாது என்று அவர் ஒப்புக்கொண்டதாகவும் இப்னுல் கிஃப்தீ எழுதுகிறார். அறிவது ஒரு கலை. செய்து முடிப்பது வேறொரு கலை.

அந்த இரண்டாவது கலையில் சிறந்தவர் அல் ஜஸரீ. இன்றைய துருக்கியின் தியார்பக்கீரில் அர்துகீ மன்னர்களிடம் பணியாற்றிய அவர், 1206இல் முடித்த நூலில் 50 கருவிகளின் அமைப்பை விவரித்தார். நீரிறைக்கும் இயந்திரங்களும் யானைக் கடிகாரமும் அவற்றுள் அடங்கும். உளூச் செய்யும்போது பணியாளர் தண்ணீர் ஊற்றுவதை மன்னர் விரும்பாததால், தானே நீர் ஊற்றும் கருவியொன்றையும் செய்தார். செய்து பார்த்து உறுதிப்படுத்தாத அறிவை அவர் முழுமையாக நம்பவில்லை. தமக்கு முன் கருவிகள் செய்த பனூ மூஸா சகோதரர்களைக் குறிப்பிடவும் அவர் தயங்கவில்லை.

முன்னோரின் புகழ் நம்மிடம் உள்ள அமானிதம். செய்யாததை அவர்கள்மேல் ஏற்றினால், செய்ததையும் உலகம் ஐயுறும்.

நம் வீடுகளிலும் இவ்விரு வகைப் பிள்ளைகள் உள்ளனர். ஒரு பிள்ளை “ஏன்?” என்று ஓயாமல் கேட்கிறது, மற்றொன்று பழைய வானொலியைப் பிரித்துப் போடுகிறது. முதலாவதை வாயாடி என்றும் இரண்டாவதைக் குறும்பு என்றும் அதட்டிவிடுகிறோம். கேள்விக்குச் செவிகொடுப்போம், பிரித்ததைத் திரும்பப் பூட்டவும் கற்றுக்கொடுப்போம். இரண்டும் அல்லாஹ் அளித்த அருட்கொடைகளே.