கூழ்ப்பானைக்கு உரிய சான்று: நாயின் அமிலேஸ் மரபணு ஆய்வை மறுபடி வாசித்தல்

கரிசல்காட்டு நாய்கள் கம்பங்கூழில் வளர்ந்தவை. ஆகவே அவற்றுக்குக் கொடுக்கும் பச்சை இறைச்சியோடு பழமும் காய்கறியும் சேர்ப்பது அவற்றின் உடலியல்புக்கு ஒத்ததே என்று வாதிடும் ஒரு போக்கு உண்டு. வாதத்தின் முன்பாதியில் எனக்கு மறுப்பில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களை வளர்த்த வீடுகளில் தினமும் கறி கிடைத்ததில்லை. கூழும் மோரும் சோறும்தான். பின்பாதிதான் சிக்கல். அதற்கு ஆதாரமாக நிறுத்தப்படுவது 2013-இல் 'நேச்சர்' இதழில் எரிக் ஆக்செல்சன் குழுவினர் வெளியிட்ட கட்டுரை. அது பேசாத ஒன்றை அதன் வாயில் வைத்துவிட்டார்கள் என்பதே என் கருத்து.

12 ஓநாய்களின் மரபணுத் தொகுதியையும் 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களின் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்ட ஆய்வு அது. கணையத்தில் அமிலேஸ் நொதியைச் சுரக்கச் செய்யும் மரபணு ஓநாயிடம் 2 படிகளாகவே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை காணப்பட்டது. கணையத்தில் அந்த மரபணுவின் வெளிப்பாடு 28 மடங்கும், குருதியில் நொதியின் செயல்திறன் 4.7 மடங்கும் மிகுந்திருந்தன. மாவுச்சத்து மால்டோஸாக உடைவது, மால்டோஸ் குளுக்கோஸாவது, குளுக்கோஸ் குடற்சுவரால் உறிஞ்சப்படுவது என மூன்று கட்டங்களிலும் தேர்வின் தடயம் இருப்பதாகக் கட்டுரை கூறுகிறது. மூன்றுமே மாவுச்சத்தின் வழி. செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி எதுவும் இதில் இல்லை. பாலூட்டிகள் எவையும் அதைத் தாமாகச் சுரப்பதில்லை, குடல் நுண்ணுயிர்களின் தயவில்தான் அது நடக்கிறது. நாயின் பெருங்குடலோ குட்டையானது.

இங்கே சமையலைக் கணக்கில் எடுக்க வேண்டும். கம்பை இடித்து, கரைத்துப் புளிக்கவைத்து, கிண்டி வேகவைக்கிறோம். வெப்பத்தில் மாவுத்துகள் நீரை உறிஞ்சி உப்பி நெகிழ்கிறது. அமிலேஸ் எளிதில் தாக்குவது அந்த நிலையிலுள்ள மாவைத்தான். கூழ்ப்பானைக்கு இந்த மரபணு பொருந்துகிறது. சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சுக்கு? அதில் 95 விழுக்காடு தண்ணீர், மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். பச்சைக் கேரட்டை அரைக்காமல் துண்டாகப் போட்டால் அதில் பெரும்பகுதி மறுநாள் மலத்தில் துண்டாகவே கிடக்கும். அமிலேஸ் முப்பது படி இருந்தாலும் இதில் மாற்றமில்லை. அதுமட்டுமல்ல, 4-க்கும் 30-க்கும் இடையே அகன்று கிடக்கும் வீச்சு, இன்ன இனம் கூழ் குடித்தது என்ற வழக்காற்றுச் செய்தியை வைத்து அதன் படி எண்ணிக்கையை ஊகிக்க இடம் தருவதில்லை.

மின்னசோட்டாவின் வாயேஜர்ஸ் தேசியப் பூங்காவில் ஓநாய்கள் கோடையில் புளூபெர்ரி தின்பதைக் காட்டுவார்கள். தின்கின்றன, பருவத்தில் கனிந்த சர்க்கரைப் பழம் அது, கீரைக்குச் சான்றாகாது. வைட்டமின் சி வாதம் இன்னும் பலவீனமானது, நாய் தன் கல்லீரலிலேயே அதை உண்டாக்கிக்கொள்ளும். வெறும் இறைச்சியின் பெரிய குறை சுண்ணாம்புச்சத்து. அதை எலும்பு ஈடுசெய்யும், பழக்கூடை ஈடுசெய்யாது.

காய்கறியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெந்து மசிந்த பூசணி நார்ச்சத்துக்காக ஒரு கரண்டி சேரலாம், மலம் கட்டும். மாங்கனீசும் வைட்டமின் இ-யும் தசையிறைச்சியில் குறைவு என்பதால், அரைத்த கீரைக்கும் சிறிது இடமுண்டு. இவை துணைப்பொருள்கள் மட்டுமே. இவற்றுக்குப் பரிணாம வரலாற்றைச் சாட்சிக்கு அழைப்பது மிகை.

உண்மையான கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில் மாரியம்மனுக்குக் கிடா வெட்டிப் பந்தி போட்டபின் நாய்க்கு வந்துசேரும் 'காய்கறி' எது? கறிக்குழம்பில் கரைந்த சின்ன வெங்காயம்தான். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் அளவிலேயே பாதிப்பு தெரியக்கூடும். 20 கிலோ நாய்க்கு அது 300 கிராம். ஒரு வேளையில் அவ்வளவு சேராது என்பது சரி, ஆனால் நாள்தோறும் சேரும் சிற்றளவும் தீங்குதான். கோயில் நாய்கள் நன்றாகத்தானே திரிகின்றன என்பவர்கள், திரியாமல் போனவற்றை எண்ணுவதில்லை.

புளி இன்னும் கவனத்துக்குரியது. டார்டாரிக் அமில உப்பையும் புளியையும் தின்ற நாய்களுக்கு ஏற்பட்ட திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பை, திராட்சையின் நச்சுத்தன்மையோடு 2022-இல் ஒரு கால்நடை மருத்துவக் கட்டுரை இணைத்தது. திராட்சையைத் தவிர்க்கச் சொல்லும் நம்மூர் உணவுப் பட்டியல்களில் புளிக்குழம்புச் சோற்றுக்கு எச்சரிக்கை இருப்பது அரிது. கரிசல் வட்டாரத்தில் நாயுணவை ஆராய்வோர் தம் கேள்விப்படிவத்தில் 'காய்கறி உண்டா' என்று ஒரே கட்டம் வைத்தால் விடை எதற்கும் உதவாது. கூழ், பூசணி, வெங்காயம், புளி ஆகியவற்றைத் தனித்தனியே, பச்சையா வெந்ததா என்றும் எவ்வளவு என்றும் கேட்டுப் பதிய வேண்டும்.