இணையவழிக் கர்நாடக இசைப் பயிற்சி (கொரோனா காலம்)

கர்நாடக வாய்ப்பாட்டை இணைய அழைப்பில் கற்பிக்கும் முறை. கடல் கடந்து வாழும் மாணவர்களுக்காக ஸ்கைப் வழியே முன்பே இருந்த இப்பழக்கம், 2020 மார்ச் 25 அன்று இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபின் பக்கத்துத் தெரு மாணவர்களுக்கும் உரியதாயிற்று.

பெரிய இடையூறு ஒலித் தாமதம். சேர்ந்து பாடுவோரிடையே ஏறத்தாழ 30 மில்லி விநாடிக்கு மேல் தாமதம் நேர்ந்தால் காலப்பிரமாணம் தளரத் தொடங்கும். காணொளி அழைப்புகளில் அது பெரும்பாலும் பல மடங்கு. எனவே குருவும் சீடரும் ஒருசேரப் பாட இயலவில்லை. ஆசிரியர் ஒரு சங்கதியைப் பாடி நிறுத்த, மாணவர் திருப்பிப் பாடுவதே வகுப்பாயிற்று. குழு வகுப்பில் ஒருவர் தவிர மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுப் பாடினர். தாளம் அவரவர் கையில்.

இரைச்சலை நீக்கும் மென்பொருள், தம்புராவின் இடையறாத நாதத்தையும் இரைச்சலென்று அடக்கிவிடும். நீண்ட கார்வைகள் நடுவில் அறுபடும். ஜூம் செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பை இயக்கினால் இது குறையும். மாணவர் தம் வீட்டிலேயே சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டுப் பாடுவதும் வழக்கமானது. கமகத்தின் நுண்ணசைவுகளுக்கு ஒலிப்பதிவே கைகொடுத்தது: ஆசிரியர் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்ப, மாணவர் கேட்டுப் பழகித் தம் பதிவைத் திருப்பி அனுப்பினார். பாடத்தை ஆற அமரக் கேட்க முடிந்தது இம்முறையின் உண்மையான லாபம்.

குருவின் குரலோடு இணைந்து பாடுகையில் சுருதி தானே சீர்ப்படும். அந்த இழப்பை எந்தச் செயலியும் ஈடுசெய்யவில்லை. ஊரடங்கு தளர்ந்தபின் நேர்வகுப்புகள் திரும்பின. இணைய வகுப்புகளும் தொடர்கின்றன.