அரை அங்குல நாடாவும் வாசிப்புத் தலையும்: பழுது காணும் முறையின் வரலாறு (1951–1984)

முன்னுரை

பழைய டேப் டிரைவ் ஒன்று பிழையாகப் படிக்கும்போது முதல் சந்தேகம் வாசிப்புத் தலையின் மேல்தான் விழும். அந்தத் தலையில் எதைத் தேடுவது என்பது காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. அம்மாற்றத்தை நடத்தியது பதிவின் அடர்த்தியே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தேய்மானம்

1951இல் வந்த யூனிவாக் கணினியின் யூனிசர்வோ, நிக்கல் பூசிய பாஸ்பர் வெண்கலப் பட்டையையே நாடாவாகக் கொண்டிருந்தது. அடர்த்தி அங்குலத்துக்கு 128 எழுத்துகள். வேகம் நொடிக்கு 100 அங்குலம். உலோகப் பட்டை தலையை அரம்போல் தேய்க்கும் என்பதால், இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை மெதுவாக நகரவிட்டனர். 1952இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 726, இரும்பு ஆக்சைடு பூசிய பிளாஸ்டிக் நாடாவுக்கு மாறியது. உலோகம் போனாலும் உராய்வு போகவில்லை. உதிரும் ஆக்சைடு தலையில் படியத் தொடங்கியது.

சாய்வு

பின்னர் வந்த ஐபிஎம் 729இன் தலையில் எழுதும் இடைவெளியை ஒட்டியே படிக்கும் இடைவெளியும் அமைந்ததால், எழுதியதை அக்கணமே சரிபார்க்க முடிந்தது. ஆனால் தலை முழுவதும் சாய்ந்திருந்தால் இச்சோதனை ஏமாந்துவிடும். தான் எழுதியதைத் தானே சரியாகப் படிக்கும் இயந்திரம், பிறிதொன்று எழுதிய நாடாவில் தடுமாறும். 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360உடன் 9 தட நாடா வந்தது. அதன் அடர்த்தி அங்குலத்துக்கு 800 பிட் என்றால் அடுத்தடுத்த பிட்டுகளின் இடைத்தூரம் 32 மைக்ரான். தலை ஏறத்தாழ 0.15 பாகை சாய்ந்தாலே ஓரத் தடத்தின் பிட் பக்கத்து எழுத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே அளவு நாடாவை ஓட்டி, ஆசிலோஸ்கோப்பில் தடங்களை ஒப்பிட்டுச் சாய்வைத் திருத்துவது அன்றாடப் பராமரிப்பாயிற்று. 1600 பிட் முறையில் ஒவ்வொரு தடமும் தன் கடிகாரத்தைத் தானே சுமந்ததால் இத்தொல்லை தணிந்தது.

இடைவெளி

யூனிசர்வோ வந்த அதே 1951இல் பெல் ஆய்வகத்தின் ஆர்.எல். வாலஸ் ஒரு விதியை வெளியிட்டார்: தலைக்கும் நாடாவுக்கும் உள்ள தூரத்தைப் பதிவின் அலைநீளத்தால் வகுத்து 54.6ஆல் பெருக்கினால், இழப்பு டெசிபலில் கிடைக்கும். தலையில் 5 மைக்ரான் அழுக்கு இருப்பதாகக் கொள்வோம். 800 பிட் நாடாவில் இழப்பு 4.3 டெசிபல், சமிக்ஞையில் அறுபது விழுக்காடு மிஞ்சும். 1973இல் வந்த 6250 பிட் முறையில் அங்குலத்துக்கு 9042 காந்த மாற்றங்கள். அதே அழுக்கு அங்கே 48 டெசிபலுக்கு மேல் விழுங்கும்; மிஞ்சுவது ஏறத்தாழ 270இல் ஒரு பங்கு. இம்முறை இரு தடங்களின் பிழையைத் தானே திருத்திக்கொள்ளக்கூடியது. அந்த வசதியே நலியும் தலையை நெடுநாள் மறைக்கவும் செய்தது.

1984இல் ஐபிஎம் 3480 காந்தத்தடைத் தலையைக் கொண்டுவந்தது. சுருள் தலையின் மின்னழுத்தம் நாடாவின் வேகத்தைப் பொறுத்தது. காந்தத்தடைத் தலையின் சமிக்ஞைக்கு அந்தச் சார்பு இல்லை.

இன்றைய நிலை

இன்று தலையைக் கெடுப்பது பெரும்பாலும் முதுமையடைந்த நாடாவே. அதன் பாலியூரித்தேன் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, துடைத்த தலையைச் சிறிது நேரத்திலேயே மீண்டும் பூசிவிடுகிறது. அத்தகைய நாடாவைச் சுமார் 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்திய பிறகே ஓட்டுகிறார்கள்.

முடிவுரை

பழுது காணும் வரிசையை இவ்வரலாறே வகுத்துத் தருகிறது. முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் படிவைத் துடைக்க வேண்டும். பிறகு தேய்மானத்தைப் பார்த்து, தலையில் தங்கிய காந்தத்தை நீக்க வேண்டும். அதன்பின், இழந்தாலும் கவலையில்லாத நல்ல நாடா ஒன்றை ஓட்டி, ஒவ்வொரு தடத்தின் வலிமையையும் அளக்க வேண்டும். சாய்வுத் திருகில் கை வைப்பது கடைசி வேலை. நாடாவை எழுதிய இயந்திரமே சாய்ந்திருந்தால், தலையை நேராக்குவதால் பயனில்லை. அந்த நாடாவுக்காக அதே அளவு சாய்க்கத்தான் வேண்டும்.