டோக்கியோவுக்கு அப்பீல், தைபேக்கு வாய்தா

2023 ஏப்ரல் 17 அன்று உலக வர்த்தக அமைப்பின் விசாரணைக் குழு ஜெனீவாவில் மூன்று அறிக்கைகளை வெளியிட்டது. மூன்றுமே இந்தியாவுக்குப் பாதகமானவை. செல்போன், டவரில் பொருத்தும் பேஸ் ஸ்டேஷன் போன்ற தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு இந்தியா விதித்த சுங்க வரி, அது எழுத்தில் கொடுத்த வாக்குறுதியை மீறியது என்பது அவற்றின் சாரம். வழக்குத் தொடுத்தவர்கள் ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தைவான். ஐரோப்பிய வழக்கு சிலகாலம் ஒத்திவைப்பில் இருந்து, பிறகு மேல்முறையீட்டில் போய் நின்றது. ஆசியாவின் இரு வழக்குகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டக் கேள்வி ஒன்று, தீர்ப்பு நாளும் ஒன்று. அதன் பிறகு டெல்லி நடந்துகொண்ட விதம் மட்டும் இரண்டு.

சிக்கலின் வேர் 1996 டிசம்பரில் சிங்கப்பூர் மாநாட்டில் உருவான தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இருக்கிறது. இந்தியா 1997-ல் அதில் சேர்ந்து, கணினி, தொலைத்தொடர்புப் பொருட்கள் பலவற்றின் இறக்குமதி வரியைப் பூஜ்யமாக்க ஒப்புக்கொண்டது. சுங்கத்துறை பொருளைப் பெயரால் அல்ல, எண்ணால் அடையாளம் காண்கிறது. அந்த எண் பட்டியல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். 2007-ல் மாறியபோது தொலைபேசிக் கருவிகள் 8517 என்ற தலைப்பில் புதிய வரிசைகளாகப் பிரிந்தன. பழைய பூஜ்யம் அந்தப் புதிய வரிசைகளுக்கும் அப்படியே இடம்மாறியது. இந்தியாவின் மாற்றிய வாக்குறுதிப் பட்டியல் 2015-ல் சான்றளிக்கப்பட்டது. அப்போது டெல்லி ஆட்சேபிக்கவில்லை.

பிறகு வந்தது வரி. 2017 ஜூலை 1-ல் செல்போனுக்கு 10 சதவீதம், டிசம்பரில் 15, 2018 பிப்ரவரி பட்ஜெட்டில் 20. அதே ஆண்டு அக்டோபரில் பேஸ் ஸ்டேஷன் முதலான கருவிகளுக்கும் 20. பட்டியலில் நேர்ந்தது பிழை, அதைத் திருத்தித் தாருங்கள் என்று இந்தியா 2018-ல் கேட்டது; பிற நாடுகள் மறுத்தன. ஸ்மார்ட்போன் 1997-ல் எங்கே இருந்தது, இல்லாத பொருளுக்கு எப்படி வாக்குக் கொடுக்க முடியும் என்பது இந்தியத் தரப்பின் வாதம். உடன்படிக்கையில் நேர்ந்த பிழையை வைத்து ஒரு நாடு விலகிக்கொள்ள இடம்தரும் வியன்னா உடன்படிக்கையின் 48-ம் பிரிவையும் துணைக்கு அழைத்தார்கள். குழு ஏற்கவில்லை. 1996 உடன்பாட்டில் என்ன இருந்தது என்பது கேள்வியல்ல, உங்கள் பட்டியலில் இன்று என்ன இருக்கிறது என்பதே கேள்வி என்றது. இந்தியாவின் வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் எண் மாறிய அந்த ஆண்டுகள். வழக்கு வந்த பிறகு சொன்ன நியாயத்துக்கு வலு குறைவு.

ஜப்பான் 2019 மே மாதம் வழக்கைத் தொடங்கியது. ஜப்பானோடு இந்தியாவுக்கு 2011 முதல் விரிவான பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தம் இருக்கிறது. தூதரகம், உச்சி மாநாடு, மெட்ரோ ரயில் கடன் என்று பேசுவதற்கு எத்தனையோ வழிகள். இவ்வளவு இருந்தும் அந்த வழக்கில்தான் கதவு சீக்கிரம் அடைபட்டது. குழுவின் அறிக்கையை 60 நாளுக்குள் யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் அது ஏறக்குறைய தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும். 2023 மே மாதமே இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டை விசாரிக்க வேண்டிய அமைப்போ, புதிய உறுப்பினர் நியமனங்களை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரில் முடங்கிப்போனது. அங்கே போன வழக்குக்கு விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இதற்கு மாற்றாகச் சில நாடுகள் தமக்குள் அமைத்துக்கொண்ட இடைக்கால மேல்முறையீட்டு ஏற்பாட்டில் ஜப்பான் 2023 மார்ச்சில் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை.

தைவானின் நிலை நேர்மாறு. இந்தியாவுக்கும் அதற்கும் முறையான தூதரக உறவே கிடையாது. டெல்லியிலும் சென்னையிலும் இருப்பவை பொருளாதார, பண்பாட்டு மையங்கள் என்ற பெயரிலான அலுவலகங்கள். சென்னையில் 2012 முதல். ஆனால் உலக வர்த்தக அமைப்பில் 2002 முதல் அது தனிச் சுங்க எல்லை என்ற தகுதியில் உறுப்பினர். ஒரு தூதரைக்கூட அனுப்ப முடியாத அரசு, ஜெனீவாவில் இந்தியாவை எதிர்த்தரப்பாக நிறுத்தி 2019 செப்டம்பரில் வழக்குப் போட்டது. தீர்ப்பு வந்ததும் இரு தரப்பும் சேர்ந்து, அறிக்கையை ஏற்கும் கெடுவைத் தள்ளிவையுங்கள் என்று கேட்டன. 2023-லும் 2024-லும் திரும்பத் திரும்பக் கேட்டன. நம்மூர் முன்சீப் கோர்ட்டில் இரு வக்கீல்களும் பேசி வைத்துக்கொண்டு வாய்தா வாங்குவதைப் போலத்தான் இது.

வென்றவர் ஏன் பொறுத்திருந்தார் என்பதற்கு விடை ஸ்ரீபெரும்புதூரில் கிடைக்கிறது என்பது என் கணிப்பு. அங்கே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் தைவான் நிறுவனம். செங்கல்பட்டு அருகே மகேந்திரா சிட்டியில் 2022-ல் ஆலை திறந்த பெகட்ரானும் தைவானில் பிறந்ததுதான். அதாவது தைபே எந்த வரியை எதிர்த்து வென்றதோ, அந்த வரியின் வேலிக்குள்ளேயே தைபேயின் பெருமுதலாளிகள் ஆலை கட்டியிருந்தார்கள். வேலியை உடனே பிடுங்கச் சொல்ல அவர்களுக்கு என்ன அவசரம்? தைவானிலிருந்தே ஏற்றுமதி செய்பவருக்கு வரி ஒழிய வேண்டும். இங்கே ஆலை நடத்துபவருக்கு அது இருந்தால் கெடுதல் இல்லை. இரண்டு நலன்களும் ஒரே அரசின் தோளில். டோக்கியோவுக்கு இப்படி இரண்டு பக்கம் இழுக்கும் கயிறு இந்தத் துறையில் இல்லை.

இதில் தமிழ்நாட்டுக்குள்ள பங்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வாசுதேவநல்லூர் கடைவீதியில் ஒரு செல்போன் கடையில் இன்று விற்பவை ஏறக்குறைய எல்லாமே இந்தியாவில் பூட்டப்பட்டவை. சங்கரன்கோவில், புளியங்குடி, சிவகிரி வட்டாரத்துப் பெண் பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டு ராத்திரி பஸ் ஏறிப் போகிற ஊர்களில் ஸ்ரீபெரும்புதூரும் ஒன்று. ஜெனீவாவின் எண் பட்டியல் அவர்களுடைய விடுதி அறை வரை வந்துவிடுகிறது. மாநிலத்தின் மின்னணு ஏற்றுமதி 2023-24-ல் சுமார் 956 கோடி டாலர், 2024-25-ல் சுமார் 1,465 கோடி டாலர். வரிதான் ஆலையைக் கொண்டுவந்தது என்று இதை வைத்துச் சொல்பவர்கள் நோக்கியாவை மறந்துவிடுகிறார்கள். செல்போனுக்கு இறக்குமதி வரி பூஜ்யமாக இருந்த காலத்தில், 2006-ல், அதே ஸ்ரீபெரும்புதூரில்தான் நோக்கியா ஆலை தொடங்கியது. 2014 நவம்பர் 1-ல் அது மூடப்பட்டதற்கு உள்நாட்டு வரித் தகராறும், மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறிய சொத்துகளில் அந்த ஆலை சேராமல் போனதும் காரணங்கள். சுங்க வரி அங்கே பேச்சிலேயே இல்லை. வேலி போட்டால் வேலை வரும் என்பதும், வேலியை எடுத்தால் வேலை போகும் என்பதும் பாதி உண்மைகள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் விடுதி உணவால் நோயுற்று நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அவர்களை எந்த வரி விகிதமும் காப்பாற்றவில்லை.

இரண்டு வழிகளில் எது மேல்? என் பார்வையில் வாய்தாவே. மேல்முறையீடு ஜப்பானின் வெற்றியைச் செல்லாக்காசாக்கியது. அடுத்தமுறை நமது வழக்கில் எதிராளி இதையே செய்தால் குறை சொல்ல நமக்கு வாய் இருக்காது. விவசாய மானியம், மீன்பிடி மானியம் என்று நாம் உலக வர்த்தக அமைப்பின் விதிகளை நம்பி நிற்கும் இடங்கள் அதிகம். தைவானோடு நடந்ததில் தீர்ப்பு உயிரோடு இருந்தது, பேச்சும் உயிரோடு இருந்தது. ஆனால் அந்தப் பேச்சில் சென்னைக்கு நாற்காலி இல்லை. சுங்க வரி மத்திய அரசின் அதிகாரம். ஆலையும் தொழிலாளியும் இருக்கும் மாநிலத்தைக் கலந்துபேச வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. இது மாற வேண்டும்.

2024 ஜூலை பட்ஜெட்டில் செல்போன் மீதான வரி 20-லிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. உள்நாட்டுத் தொழில் முதிர்ந்துவிட்டது என்பதே நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட காரணம். அதே பட்ஜெட்டில், குறிப்பிட்ட சில தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான சர்க்யூட் போர்டு மீதான வரி 10-லிருந்து 15 ஆக ஏறியது.