ஸ்காட்லாந்தின் பழைய பங்குப் பதிவேடுகளும் குடும்ப வரலாறும்

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே கட்டாயமாகப் பதிவு செய்யும் முறை 1855ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டுகளில் வாழ்ந்த சாதாரண மக்களைப் பற்றி அறிய, ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஆலயங்களில் எழுதி வைக்கப்பட்ட ஏடுகளே பெரிதும் துணை செய்கின்றன. இவை பழைய பங்குப் பதிவேடுகள் எனப்படுகின்றன. பங்கு என்பது ஓர் ஆலயத்தின் பொறுப்பில் அடங்கிய ஊர்ப் பரப்பு. சுமார் 900 பங்குகளைச் சேர்ந்த இந்த ஏடுகள் இன்று எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன.

தம் முன்னோரைத் தேடுவோர் இந்த ஏடுகளை இன்றைய பிறப்புச் சான்றிதழ்களைப் போல எண்ணிவிடுகின்றனர். அதனால் இரண்டு பிழைகள் நேர்கின்றன. ஏட்டில் பெயர் இல்லாதவர் அந்த ஊரில் பிறக்கவே இல்லை என்று முடிவு செய்வது ஒன்று. பெயர் ஒத்துப்போன வேறொருவரைத் தம் பாட்டனாராக ஏற்றுக்கொள்வது மற்றொன்று. யார், எதற்காக இவற்றை எழுதினார்கள் என்பதை அறிந்தால் இரண்டையும் பெருமளவு தவிர்க்கலாம்.

தோற்றம்

ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கையும் திருமண அறிவிப்பையும் பதிவு செய்ய வேண்டும் என்று 1550களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக் குருமார் மன்றம் ஆணையிட்டது. அப்போது அந்நாடு கத்தோலிக்க நாடாக இருந்தது. இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய பதிவேடு பெர்த்ஷயர் மாவட்டத்து எரோல் பங்கினுடையது. அதன் பதிவுகள் 1553இல் தொடங்குகின்றன. 1560இல் நிகழ்ந்த சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, சீர்திருத்தத் திருச்சபை இவ்வழக்கத்தைத் தொடர்ந்தது.

ஆணை இருந்தும் எல்லா ஊர்களும் அதைப் பின்பற்றவில்லை. பல பங்குகளில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பதிவுகள் தொடங்குகின்றன. வடக்கு மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் சில பங்குகளின் ஏடுகள் 19ஆம் நூற்றாண்டில் தொடங்குபவை. சில ஏடுகள் தீயிலும் ஈரத்திலும் அழிந்தன. எனவே தேடலைத் தொடங்குமுன், குறிப்பிட்ட பங்கின் ஏடு எந்த ஆண்டு தொடங்குகிறது, இடையில் எந்த ஆண்டுகள் விடுபட்டுள்ளன என்று பார்த்துக்கொள்வது முதற்பாடம்.

எழுதியவர் யார்?

ஒவ்வொரு பங்கிலும் போதகரும் மூப்பர்களும் சேர்ந்த மன்றம் ஒன்று இருந்தது. கிர்க் செஷன் என்பது அதன் பெயர். ஏழைகளுக்கு உதவிப் பணம் வழங்குவதும், ஒழுக்கம் தவறியவர்களை விசாரித்துக் கண்டிப்பதும் அதன் வேலைகள். மன்றத்தின் எழுத்தரே பதிவேட்டையும் எழுதினார். பெரும்பாலான ஊர்களில் அந்த எழுத்தர் பள்ளிக்கூட ஆசிரியராகவே இருந்தார். ஆசிரியர் சம்பளம் மிகக் குறைவு. ஒவ்வொரு பதிவுக்கும் கிடைத்த சிறு கட்டணம் அவருக்குத் துணை வருமானம்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கட்டணம் செலுத்த இயலாதவர்களும் விரும்பாதவர்களும் பதிவு செய்யாமல் இருந்துவிட்டனர். எழுத்தர் அக்கறை உள்ளவராக இருந்தால் ஏடு விரிவாக இருக்கும். அவர் நோயுற்றால் பல மாதங்களுக்குப் பக்கங்கள் வெறுமையாகவே இருக்கும்.

மூன்று வகைப் பதிவுகள்

முதல் வகை, பிறப்பும் திருமுழுக்கும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அயர்ஷயரில் அலோவே என்னும் சிற்றூரில் பிறந்தவர். அயர் பங்கின் பதிவேட்டில் உள்ள அவரது பதிவு நல்ல எடுத்துக்காட்டு. குழந்தையின் பெயர், தந்தை வில்லியம், தாய் ஆக்னஸ் பிரவுன், பிறந்த நாள் 1759 ஜனவரி 25, திருமுழுக்கு அளித்த போதகர் வில்லியம் டால்ரிம்பிள், சாட்சிகள் இருவர் என அனைத்தும் சில வரிகளில் அடங்கிவிடுகின்றன. தாயின் பெயர் அவரது பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்துப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் தம் பிறந்த வீட்டுப் பெயரைச் சட்டப்படி இழப்பதில்லை. தாய்வழியைத் தேடுவோருக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் எல்லா எழுத்தர்களும் இவ்வளவு விரிவாக எழுதவில்லை. தாயின் பெயரையே விட்டுவிட்ட ஏடுகளும் பல உண்டு.

இரண்டாம் வகை, திருமண அறிவிப்பு. நம் ஊர்க் கிறித்தவர்கள் ஓலை வாசித்தல் என்று சொல்வதே இது. மணமக்களின் பெயர்களை ஆலயத்தில் அறிவித்து, தடை சொல்வோர் உண்டா என்று கேட்பார்கள். பல ஏடுகளில் உள்ள நாள் இந்த அறிவிப்பின் நாளே. திருமணம் நடந்த நாள் தனியே குறிக்கப்பட்டிருந்தால்தான் தெரியும். மணமக்கள் வேறு வேறு பங்கினராக இருந்தால் இரண்டு இடங்களிலும் பதிவு இருக்கும், நாள்கள் வேறுபடலாம். அறிவிப்புக்குப் பின் திருமணம் நின்றுபோனதும் உண்டு.

மூன்றாம் வகை, அடக்கம். இதுவே மிகவும் குறைவாகக் கிடைப்பது. பல பங்குகளில் இறந்தோர் பட்டியல் இல்லை. சவப்பெட்டியின் மேல் போர்த்தும் துணியை மன்றம் வாடகைக்குக் கொடுத்துவந்தது. அந்த வாடகைக் கணக்கே சில ஊர்களில் ஒருவரின் இறப்புக்கு எஞ்சியுள்ள ஒரே சான்று. துணி வாடகைக்கு எடுக்கப்படாத குழந்தைகளும் ஏழைகளும் அந்தக் கணக்கிலும் இடம்பெறவில்லை.

ஏட்டில் இடம்பெறாதவர்கள்

1783இல் பிரித்தானிய அரசு ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்னி வரி விதித்தது. ஏழைகளுக்கு விலக்கு இருந்தாலும், பலர் பதிவு செய்வதையே நிறுத்தினர். 1794இல் வரி நீக்கப்பட்டது. இந்த இடைக்காலத்தில் பிறந்தவரின் பெயர் காணப்படாவிட்டால் வியப்பதற்கில்லை. பின்னாளில் சில பெற்றோர் தம் பிள்ளைகள் அனைவரின் பெயர்களையும் ஒரே நாளில் சேர்த்து எழுதச் செய்தனர். எனவே பிறந்த ஆண்டின் பக்கத்தோடு நிறுத்திவிடாமல், அடுத்த பல ஆண்டுகளின் பக்கங்களையும் பார்ப்பது நல்லது.

சமயப் பிரிவுகள் மற்றொரு காரணம். 1733இலும் 1761இலும் சிலர் பிரிந்து தனிச் சபைகளை அமைத்தனர். 1843இல் ஏற்பட்ட பெரும் பிளவில் போதகர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் வெளியேறி, சுதந்திரத் திருச்சபையை நிறுவினர். கத்தோலிக்கரும் எப்பிஸ்கோப்பல் சபையினரும் முன்பே தனியாக இருந்தனர். இவர்களில் பலருடைய பதிவுகள் அவரவர் சபை ஏடுகளில்தான் இருக்கும்.

திருமணச் சட்டமும் மாறுபட்டது. ஆணும் பெண்ணும் தாங்கள் கணவன் மனைவி என்று ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டாலே அது ஸ்காட்லாந்தில் செல்லுபடியாகும் திருமணம். 1940 வரை இந்நிலை நீடித்தது. பர்ன்ஸ் வாழ்வே இதற்குச் சான்று. 1786இல் ஜீன் ஆர்மர் கருவுற்றிருந்தபோது பர்ன்ஸ் அவருக்குத் திருமண ஒப்புதலை எழுத்தில் தந்தார். பெண்ணின் தந்தை அதை ஏற்கவில்லை. 1788 ஆகஸ்ட் 5 அன்று மாக்லின் ஊர் மூப்பர் மன்றம் இருவரையும் கண்டித்து, அவர்கள் திருமணத்தை ஏற்றுக்கொண்டது. பர்ன்ஸ் ஏழைகளுக்காக ஒரு கினி கொடுத்தார். இந்தச் செய்திகள் இருப்பது மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில். திருமணப் பதிவேட்டில் விடை கிடைக்காதவர்கள் அடுத்துத் திறக்க வேண்டிய ஏடு இதுவே. மணமாகாமல் பிறந்த குழந்தையின் தந்தை யார் என்ற விசாரணையும் இதில்தான் இருக்கும்.

பெயர்கள் உதவுவதும் ஏமாற்றுவதும்

முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர், மூன்றாம் மகனுக்குத் தந்தையின் பெயர்; முதல் மகளுக்குத் தாயின் தாய் பெயர், இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயர் என்பது ஸ்காட்லாந்தில் பரவியிருந்த வழக்கம். பேரனைப் பெயரன் என்று சொல்லும் நமக்கு இது எளிதில் புரியும்.

பர்ன்ஸ் குடும்பத்தைப் பார்க்கலாம். மூத்தவர் ராபர்ட், தந்தைவழிப் பாட்டனார் பெயர் ராபர்ட். இரண்டாமவர் கில்பர்ட், தாய்வழிப் பாட்டனார் கில்பர்ட் பிரவுன். மூன்றாம் மகன் தந்தையின் பெயரைப் பெற்ற வில்லியம். முதல் மகள் ஆக்னஸுக்கு அம்மாவின் அம்மாவான ஆக்னஸ் ரென்னியின் பெயர். ஆனால் இரண்டாம் மகளுக்கு வைத்த பெயர் அனபெல்லா. அப்பாவின் அம்மாவான இசபெல்லா கீத்தின் பெயர் கடைசி மகளுக்கே கிடைத்தது. ஆகவே இவ்வழக்கம் வழிகாட்டியாக மட்டுமே பயன்படும். அதைக்கொண்டு உறவை உறுதி செய்ய இயலாது.

இதே வழக்கம் குழப்பத்தையும் உண்டாக்குகிறது. ஒரு முதியவருக்கு நான்கு மகன்கள் இருந்து, நால்வரும் தத்தம் மூத்த மகனுக்கு அவர் பெயரையே வைத்தால், ஒரே பங்கில் ஒரே பெயரும் குடும்பப் பெயரும் கொண்ட நான்கு பேர் ஏறத்தாழ ஒரே வயதில் இருப்பார்கள். அவர்களைப் பிரித்தறிய உதவுபவை வாழ்ந்த பண்ணையின் பெயர், தந்தையின் தொழில், சாட்சிகளின் பெயர்கள் ஆகியவை.

எழுத்துக்கூட்டலும் நிலையாக இருந்ததில்லை. பர்ன்ஸின் தந்தை தம் பெயரை பர்னெஸ் என்று எழுதினார். பதிவேட்டிலோ பர்ன்ஸ் என்றே உள்ளது. ஷெட்லாந்துத் தீவுகளில் குடும்பப் பெயர் நிலையாக இல்லாமல், தந்தையின் பெயரோடு மகன் என்னும் பொருள் தரும் விகுதியைச் சேர்க்கும் முறை நெடுங்காலம் இருந்தது. அங்கே தலைமுறைக்குத் தலைமுறை கடைசிப் பெயர் மாறும். தந்தை பெயரின் முதலெழுத்தைப் பயன்படுத்தும் நமக்கு இது புதிதன்று.

நாளும் ஆண்டும்

ஸ்காட்லாந்தில் 1600ஆம் ஆண்டிலிருந்துதான் ஜனவரி 1 புத்தாண்டு நாளாயிற்று. அதற்கு முன் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. எனவே 1575 பிப்ரவரி என்று எழுதப்பட்டது நம் கணக்கில் 1576 பிப்ரவரி. 1752இல் நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. மாதப் பெயர்களைச் சுருக்கி எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 7 என்னும் எண்ணோடு பர் என்று சேர்த்து எழுதியிருந்தால் அது செப்டம்பர் மாதம். ஜூலை என்று கொள்ளக்கூடாது. லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு.

தேடும் முறை

தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் பின்னோக்கிச் செல்வதே சரியான முறை. 1855க்குப் பின் இறந்தவரின் அரசு இறப்புப் பதிவில், தெரிந்திருந்தால், தந்தை பெயரும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். 1790இல் பிறந்து 1860இல் இறந்த ஒருவரை இவ்வாறு அவர் பெற்றோரோடு இணைக்க முடியும். ஆனால் அந்தத் தகவலைச் சொன்னவர் மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ என்று பார்த்து அதன் நம்பகத்தன்மையை மதிப்பிட வேண்டும். அடுத்து 1851ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர் எந்தப் பங்கில் பிறந்தார் என்பதைச் சொல்லும். இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பங்குப் பதிவேட்டைத் திறந்தால் தேடும் பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும்.

ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்னும் அரசு இணையதளத்தில் பதிவேடுகளின் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். பக்கத்தின் படத்தைக் காணக் கட்டணம் உண்டு. பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பண்ணைப் பெயரும் சாட்சிகளும் மூலப் பக்கத்தில்தான் தெரியும்.

கிடைத்த குழந்தைதான் நாம் தேடியவர் என்று ஏற்குமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். அக்குழந்தை இளமையிலேயே இறந்துவிட்டதா? அதே பெற்றோருக்குப் பின்னர் அதே பெயரில் இன்னொரு குழந்தை பிறந்திருந்தால், முதற்குழந்தை இறந்திருக்க வாய்ப்பு மிகுதி. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அன்று இயல்பாக இருந்தது.

கடல் கடந்தவர்கள்

ஊரைவிட்டுச் சென்றவர்களின் முடிவு ஊர்ப் பதிவேட்டில் கிடைக்காது. இலங்கையில் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1835இல் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர். அவர் பிறந்தது பங்குப் பதிவேடுகளின் காலத்தில். 1892இல் இறந்தது இலங்கையில். கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்களும் பலர். 1821இல் திறக்கப்பட்ட எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் ஆலயம் அவர்களின் திருச்சபைக்காகக் கட்டப்பட்டது. சென்னை மாகாணத்தில் நடந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவு நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. பிறப்பை ஸ்காட்லாந்திலும் இறப்பை இந்த ஆவணங்களிலும் தேட வேண்டியவர்கள் இவர்கள்.

மாணவர்களுக்கு

குடும்ப மரம் வரையும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எந்த ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதுங்கள். உறுதியாகத் தெரியாத உறவைப் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள். சான்று கிடைக்காத இடத்தில், அந்தப் பங்கில் எந்தெந்த ஏடுகளை எந்த ஆண்டுவரை பார்த்தீர்கள் என்பதைக் குறித்து, இடத்தை வெற்றாக விடுங்கள். பொருந்தாத ஒரு பெயரை அங்கே நிரப்பினால், அதற்கு மேலுள்ள தலைமுறைகள் அனைத்தும் வேறொரு குடும்பத்தின் வரலாறாகிவிடும். வெற்றிடம் இருந்தாலோ, கட்டணம் கொடுக்க முடியாத ஒரு கூலியாளையோ தனிச் சபையைச் சேர்ந்த ஒரு நெசவாளியையோ பின்னால் வருபவர் வேறோர் ஏட்டில் கண்டெடுத்து, அந்த இடத்தில் சேர்க்க முடியும்.